தலைப்பாகைக்கு உள்ளே

லண்டனின் ஈலிங் பிராட்வேயில் ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் சவுத்ஹால். நடைமேடைப் பெயர்ப் பலகையில் ஆங்கிலத்துக்குக் கீழே குர்முகி எழுத்து. தில்லித் தெருப் பலகைகளில் பதினைந்து ஆண்டுகள் அந்த எழுத்தைப் பார்த்துப் பழகியவனுக்கு, தவறான ரயிலில் ஏறிவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றியது. வெளியே வந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. கடைகளில் கடுகுக் கீரையும் முள்ளங்கியும் குவிந்து கிடக்கின்றன. தேடினால் முருங்கைக்காயும் கிடைக்கும். ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு பீர் ஊற்றியதால் பெயர்பெற்ற கிளாஸி ஜங்ஷன் மதுக்கடை 2012இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் பிறகு வந்தது ஒரு தென்னிந்திய சைவ உணவகம்.

ஊரைப் பார்க்க வருபவர்கள் கடைசியில் போய்ச் சேருவது ஸ்ரீ குரு சிங் சபா குருத்வாராவுக்குத்தான். பொன்முலாம் பூசிய கும்மட்டம், பளிங்கு, வண்ணக் கண்ணாடி. 2003இல் திறந்த இந்தக் கட்டிடத்துக்கு ஆன செலவு 1 கோடியே 70 லட்சம் பவுண்டு. அதில் பெரும்பங்கு ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு. இதே மனையில் முன்பு ஒரு பால் டெப்போ இருந்தது. 1857 எழுச்சியை ஒடுக்கிய ஜெனரல் ஹாவ்லாக்கின் பெயரைத்தான் அந்தச் சாலை நீண்ட காலம் தாங்கியிருந்தது. குருத்வாரா இருக்கும் பகுதிக்கு அண்மை ஆண்டுகளில் குரு நானக் சாலை என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்.

வாசலில் கைக்குட்டை அளவு காவித் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, வணங்கி, இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்திப் பிரசாத அல்வாவை வாங்கியபோது, பக்கத்தில் ஒரு முதியவர் என் முடிச்சைப் பார்த்துச் சிரித்தார். "அவிழ்ந்துவிடும்" என்று அவரே சரிசெய்து கட்டிவிட்டார். வயது 82. சொந்த ஊர் ஹோஷியார்பூர் பக்கத்தில் ஒரு கிராமம். என் இந்தியும் அவருடைய பஞ்சாபியும் எப்படியோ ஒத்துப்போயின. அதன் பிறகு நான்கு நாள் அவர் என்னை விடவில்லை, நானும் அவரை விடவில்லை.

அவர் இங்கு வந்தது 1963இல், இருபது வயதில். ஒரே வீட்டில் பதினான்கு ஆண்கள். இரவு வேலைக்காரர் எழுந்ததும் அதே படுக்கையில் பகல் வேலைக்காரர் படுப்பார். அப்போது சவுத்ஹால் பஞ்சாபிகளுக்குச் சோறு போட்டது, பக்கத்து ஹேய்ஸில் இருந்த வுல்ஃப் ரப்பர் தொழிற்சாலை. கந்தக நெடியும் வெப்பமும் தாங்காமல் வெள்ளைக்காரர்கள் ஒதுங்கிய வேலை அது. அங்கே 1965இல் நடந்த வேலைநிறுத்தத்தை இந்தியத் தொழிலாளர்களின் தொடக்ககாலப் போராட்டங்களில் ஒன்றாக இன்றும் சொல்கிறார்கள். முதியவர் அதில் கலந்துகொண்டார். ஆனால் அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. பேசுவது வந்திறங்கிய நான்காம் நாளைப் பற்றி.

"தலைப்பாகையோடு போனால் வேலை கிடைக்காது என்றார்கள், அறையில் இருந்தவர்கள். அவர்களும் சர்தார்கள்தான். எல்லோரும் வெட்டிக்கொண்டவர்கள். ஒருவர் முடிதிருத்தும் கடைக்குக் கூட்டிப்போனார். வெட்டிய முடியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தேன். எங்கே போடுவது என்று தெரியவில்லை. பல மாதங்கள் பெட்டிக்குள்ளேயே இருந்தது."

கேசம், மரச் சீப்பு, இரும்புக் காப்பு, அரைக்கால் உடை, கிர்பான் என்ற ஐந்து சின்னங்களில் முதலில் வருவது கேசம். ஒரு தலைமுறை ஆண்கள் அதை இழந்துதான் இங்கே கூலி வாங்கினார்கள். பிறகு மனைவிகள் வந்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள், வாடகை அறை குடும்ப வீடானது. வெட்டியவர்களில் பலர் மீண்டும் வளர்த்தார்கள். முதியவர் வளர்த்தது 1971இல், மகனுக்கு முதன்முதலாகத் தலைப்பாகை கட்ட வேண்டிய நாள் ஒன்று வரும் என்று நினைத்துப் பார்த்தபோது. "நானே மொட்டையாக இருந்துகொண்டு அவனுக்கு எப்படிக் கட்டிவிடுவது?"

வீட்டுக்குள் வளர்ந்ததை வெளியே காப்பாற்றுவது வேறு வேலை. வுல்வர்ஹாம்ப்டனில் தார்சேம் சிங் சாந்து என்ற பஸ் டிரைவர் 1967இல் தாடியும் தலைப்பாகையுமாக வேலைக்கு வந்தபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஊர்வலம், தீக்குளிப்பு மிரட்டல் என்று போராட்டம் வளர்ந்து, 1969 ஏப்ரலில்தான் தடை நீங்கியது. அடுத்தது மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். சவுத்ஹால் எம்.பி. சிட்னி பிட்வெல் கொண்டுவந்த மசோதா 1976இல் சட்டமாகி, தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்கு அளித்தது. பர்மிங்காமில் ஒரு தனியார் பள்ளி தலைப்பாகைச் சிறுவனைச் சேர்க்க மறுத்த வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. சீக்கியர் ஒரு மதத்தினர் மட்டுமல்ல, இன உறவுச் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரிய ஓர் இனக்குழு என்று 1983இல் தீர்ப்பு வந்தது. கிர்பான் வைத்திருக்க 1988 சட்டத்தில் வழி. கட்டிட வேலையில் ஹெல்மெட் வேண்டாம் என்று 1989இல் ஒரு சட்டம். அந்த விலக்கை ஏறக்குறைய எல்லாப் பணியிடங்களுக்கும் நீட்டியது 2015இல் இன்னொன்று. ஒரு முழத்துணிக்காக இத்தனை சட்டம் இயற்றிய நாடு வேறு இருக்குமா தெரியவில்லை. (ஒரு முழமல்ல, ஐந்தாறு மீட்டர் என்று முதியவர் திருத்துகிறார்.)

சட்டம் மட்டுமே காப்பாற்றிவிடவில்லை. அதே 1976இல், ஜூன் மாதம், குர்தீப் சிங் சக்கர் என்ற பதினெட்டு வயது மாணவர் இந்த ஊர்த் தெருவில் வெள்ளை இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டார். 1979 ஏப்ரலில் இனவெறிக் கட்சியான நேஷனல் ஃபிரன்டின் கூட்டத்தை எதிர்த்துத் திரண்டபோது, போலீஸ் அடியில் இறந்தவர் பிளேர் பீச் என்ற வெள்ளைக்கார ஆசிரியர். முதியவரின் மகன் அந்தக் காலத்துப் பையன். பள்ளி விட்டு வரும்போது தலைப்பாகையைத் தட்டிவிடுவது ஒரு விளையாட்டாக இருந்தது என்கிறார். "தட்டத் தட்ட இறுக்கிக் கட்டினேன்." இப்போது அவருக்கு 57 வயது. ஹீத்ரோவில் சரக்குப் பிரிவில் வேலை. அதிகாலை ஷிப்ட்.

கதை இத்தோடு நல்லபடியாக முடிந்திருக்கலாம். ஆனால் பேரனுக்குப் பதினாறு வயது. முடியை வெட்டிக்கொள்ள வேண்டும் என்கிறான்.

யாராவது கேலி செய்கிறார்களா என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள். இல்லை. பள்ளியில் பாதிப் பேர் நம்மைப் போன்றவர்கள்தான். கால்பந்து ஆடத் தடையா? இல்லை, பட்கா கட்டிக்கொண்டு ஆடுகிறான். வேலை கிடைக்காதா? போலீஸில்கூடத் தலைப்பாகை உண்டு. வேறு என்னதான் காரணம்? "காரணம் எதுவும் இல்லை அங்கிள்" என்று என்னிடம் சொன்னான். நல்ல பையன், கண்ணைப் பார்த்துப் பேசுகிறான். "தாத்தாவுக்கு ஒரு காரணம் இருந்தது, அப்பாவுக்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு, காலையில் இருபது நிமிடம் போகிறது. அவ்வளவுதான். வெட்டினாலும் நான் சீக்கியன்தானே?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு வீட்டில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அப்பா கோபப்படுகிறார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அம்மா, பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறார். முதியவருக்கோ வாய் திறக்கும் உரிமை இல்லை. அவரைப் பொறுத்தவரை இருந்ததும் இல்லை. "பெட்டியில் முடியை வைத்திருந்தவன் என்ன சொல்வது?" வெள்ளைக்கார முதலாளியிடமும் நீதிமன்றத்திடமும் வாதாட இவர்களிடம் இருந்த பதில்கள், சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருக்கும் சொந்தப் பேரனிடம் செல்லுபடியாகவில்லை.

பீஜி, அதாவது பாட்டி, மட்டும் வாதத்தில் இறங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பேரன் தலைக்குக் குளித்துவிட்டு வந்ததும் பின்னால் உட்கார்ந்து எண்ணெய் தடவி வாரிவிடுகிறார். இடுப்பு வரை நீளும் முடி. பேரன் போனைப் பார்த்தபடி தலையைக் கொடுக்கிறான். இருவரும் பேசிக்கொள்ளும் நேரம் அது ஒன்றுதான். அதிலும் ஒரு சிக்கல். பாட்டி பேசுவது பஞ்சாபி, பேரன் பதில் சொல்வது ஆங்கிலம். குருத்வாரா வகுப்பில் நான்கு ஆண்டு குர்முகி படித்தவன். எழுத்துக் கூட்டுவான், பொருள் தெரியாது. 2021 மக்கள்தொகைக் கணக்கில் இங்கிலாந்து, வேல்ஸில் சீக்கியர் 5,24,000 பேர். தங்கள் முதன்மை மொழி பஞ்சாபி என்று எழுதியவர்கள் 2,91,000 பேர்தான். அதிலும் பாகிஸ்தான் பஞ்சாபிகள் அடக்கம். ஈலிங்கில் பழைய கிறிஸ்தவ ஆலயக் கட்டிடத்தில் இருக்கும் துர்க்கை அம்மன் கோவிலுக்கு நண்பரோடு போனபோது, பிராகாரத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் ஆங்கிலத்தில்தான் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதனால் பீஜியிடம் நான் ஆறுதல் ஏதும் சொல்லவில்லை.

பையன் கேட்கும் வேறு கேள்விகளும் உண்டு. குரு ஜாதி இல்லை என்றார். அப்படியானால் இதே ஊரில் ராம்கடியாக்களுக்கு ஒரு குருத்வாரா, ரவிதாஸ் வழியினருக்கு ஒரு கோவில் என்று ஏன்? கல்யாண விளம்பரத்தில் ஜாதி ஏன்? அப்பா, "அதற்கும் முடிக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறார். நியாயமான பதில்தான். ஆனால் முழுப் பதில் இல்லை. ராம்கடியாக்களில் பலர் கென்யா, உகாண்டா வழியாக வந்த தச்சு, இரும்பு வேலைக் குடும்பங்கள். தலைப்பாகையை ஆப்பிரிக்காவிலும் அவிழ்க்காமல் இங்கு வந்து இறங்கியவர்கள். முடியை வெட்டிய ஜாட் விவசாயிகளைப் பார்த்து அவர்கள் முகம் சுளித்த காலம் முதியவருக்கு நினைவிருக்கிறது. இப்போது கடைசியாக வந்திருப்பவர்கள் காபூல், ஜலாலாபாத் சீக்கியர்கள். அவர்களுக்கும் தனி குருத்வாரா வந்துவிட்டது.

இந்தப் பிரிவுகள் எல்லாம் மங்கிப்போகும் இடம் லங்கர் கூடம். பருப்பு, ரொட்டி, ஒரு கறி, கீர், சோம்பு போட்ட தேநீர். யார் என்ன என்று கேட்பதில்லை. மூலையில் பையும் முதுகுமாகச் சாப்பிடும் இளைஞர்களைக் காட்டி, "ஃபௌஜிகள்" என்று மெல்லச் சொன்னார் முதியவர். விசா முடிந்தும், விசாவே இல்லாமலும் இருப்பவர்களுக்கு இங்கே அந்தப் பெயர். ராணுவத்தானைப் போலக் குடும்பத்தைப் பிரிந்து முகாமில் கிடப்பவர்கள். காலையில் தெருமுனையில் கூலி வேலைக்கு நிற்பார்கள்; வேலை கிடைக்காத நாளில் இங்கே வருவார்கள். "1963இல் இந்தக் கூடம் இல்லை. இருந்திருந்தால் நான் கடைக்குப் போயிருக்க மாட்டேனோ என்னவோ" என்றார் அவர். போயிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சொல்லவில்லை.

நாற்காலி விவகாரம் தனி. லங்கரைத் தரையில் அமர்ந்துதான் உண்ண வேண்டும் என்று அமிர்தசரஸின் அகால் தக்த் 1998இல் உத்தரவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு கனடாவின் சர்ரே நகரில் இதற்காகக் கைகலப்பே நடந்திருந்தது. பீஜி உத்தரவை மதிக்கிறார். "உட்காரும்போது ஒரு முறை வாஹேகுரு, எழுந்திருக்கும்போது பத்து முறை வாஹேகுரு. புண்ணியம் கூடுதல்" என்கிறார்.

ஒரு மாலை முதியவர் தன் அஸ்தியைப் பற்றிப் பேசினார். லெஸ்டர் பக்கம் சோர் நதியில் கரைக்க ஏற்பாடு இருக்கிறது. நண்பர்கள் இருவரை அங்கேதான் கரைத்தார்கள். இங்கே சிதை கிடையாது. மகன் ஒரு பொத்தானை அழுத்துவான், பெட்டி உள்ளே போகும். அதற்குச் சம்மதம். ஆனால் சாம்பல் சட்லஜ் கரையில் உள்ள கீரத்பூருக்குப் போக வேண்டும். "பேரன் கொண்டுபோவான். எப்படிப்பட்ட தலையோடு வந்தாலும் சரி என்று அவனிடம் சொல்லிவிட்டேன்." இதை மகனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

கடைசி நாள் காலை ஏழு மணிக்கு விடைபெறப் போனேன். மகன் நான்கு மணிக்கே ஷிப்டுக்குப் போயிருந்தார். முதியவர் நீல நிறத் துணியை விரித்துக்கொண்டிருந்தார். தலைப்பாகைத் துணியை மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, இழுத்து, நீளவாக்கில் மடிப்பார்கள். ஆள் இல்லாதபோது ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டிக்கொள்வது வழக்கம். அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

பேரன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். முடி இன்னும் கட்டாமல் தோளில் கிடந்தது. பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம். கைப்பிடியில் இருந்த முடிச்சை அவிழ்த்து முனையைப் பிடித்துக்கொண்டான், ஒரு கையில். மறு கையில் போன்.

"இரண்டு கையாலும் இழு" என்றார் தாத்தா, பஞ்சாபியில்.

"ஒன் மினிட், பாபாஜி" என்றான் பேரன்.