நீரில் மூழ்கும் பொம்மை

சித்தூரில், தமிழும் தெலுங்கும் ஒரே கூடத்தில் புழங்கும் ஒரு வீடு. புரட்டாசி அமாவாசையன்று பரணிலிருந்து தகரப்பெட்டி இறக்கப்படும். தசாவதார வரிசை, செட்டியார் தம்பதி, கொண்டபல்லியிலிருந்து வந்த அம்பாரி யானை எனப் பழைய செய்தித்தாள் சுருள்களுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளிவரும். எல்லாவற்றுக்கும் அடியில், வேட்டித் துண்டில் சுற்றிய மரப்பாச்சி இணை ஒன்று இருக்கும். கடைசியாக எடுக்கப்படும் அவ்விரண்டும்தான் கொலுப்படியில் முதலில் ஏறும்.

ஆண் பொம்மை நேராக நிற்கும். பெண் பொம்மை சற்றுச் சாய்ந்தே நிற்கும். அதன் பாதம் ஒருபுறமாகத் தேய்ந்துவிட்டது. வீட்டுக் குழந்தைகளுக்கு வீக்கமோ சிரங்கோ வந்தபோதெல்லாம் அந்தப் பாதத்தை ஈரக்கல்லில் இழைத்து, இறங்கிய செவ்விழுதைப் பூசியதன் தடம் அது. விளையாட்டுப் பொருள், கொலுப் பொருள், கைமருந்து என மூன்று வேலைகளையும் ஒரு மரத்துண்டு செய்திருக்கிறது.

அதை வாங்கியது இன்று எண்பதைத் தொடும் பாட்டிக்கு முதல் முடி இறக்கிய ஆண்டில். அப்போது சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. பாகாலா வழியாக ரயிலில் திருப்பதிக்குப் போய், மலையேறி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கிய குழந்தையின் கையில் கீழ்த்திருப்பதிக் கடைத்தெருவில் இந்த இணையைத் திணித்தார்களாம். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022இல் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனை கோடுகளும் மாறிய காலமெல்லாம் அந்தப் பொம்மைகள் அதே பெட்டியில் இருந்தன. தமிழ் வீடுகளில் அவற்றுக்கு மரப்பாச்சி என்று பெயர். திருப்பதி பொம்மை என்றாலும் புரியும். மணமாகிப் போகும் பெண்ணுக்குத் தாய்வீட்டார் ஓர் இணை கொடுப்பதும், அதைக் கொண்டே அவள் புதுவீட்டில் கொலுவைத் தொடங்குவதும் இருபுறத்துக்கும் பொதுவான வழக்கம்.

மரப்பாச்சிக்கு வண்ணம் கிடையாது. கொண்டபல்லிப் பொம்மையில் செதுக்கியவன் விட்டதை வண்ணம் தீட்டுபவன் முடித்துவிடுவான். மரப்பாச்சியில் கண்ணும் மூக்கும் கீறல்களாகவே நிற்கும். உடலோடு ஒட்டிய கைகள், உருளையான இடுப்பு, அவ்வளவுதான். மீதியைக் குழந்தை முடிக்க வேண்டும். ஜரிகைத் தாள், தையற்கடையின் பட்டுத் துணுக்கு, உடைந்த மணிமாலை என அகப்பட்டதையெல்லாம் கொண்டு ஆண்டுதோறும் புதிய முகம் தருவார்கள். நவராத்திரி ஒன்பது நாளும் அது தெய்வத் தம்பதி, தொட அனுமதியில்லை. விஜயதசமி இரவில் அதைப் படியிலேயே சாய்த்துப் படுக்கவைத்துவிட்டால், மறுநாள் முதல் சொப்புச் சாமான்களுக்கு நடுவே சோறு பொங்கும் அம்மாவாகிவிடும்.

அந்த வீட்டுப் பேத்தி சிறுவயதில் இதைக் குளியலறைக்கும் எடுத்துச் செல்வாள். பிளாஸ்டிக் வாத்து அண்டா நீரில் மிதக்கும். மரப்பாச்சி நேரே அடிக்குப் போய்விடும். மரம் மிதக்கும் என்று பள்ளிப் புத்தகம் சொன்னதை அவள் நம்பாமல் போனது இந்தப் பொம்மையால்தான். செம்மரத்தின் வைரம் நீரைவிட அடர்த்தியானது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத் திருப்பதியில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தபின் படித்தபோது, அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த அண்டாதான்.

தாவரவியலார் டெரோகார்பஸ் சாண்டலினஸ் என்று குறிக்கும் அம்மரத்தைத் தெலுங்கில் எர்ரசந்தனம் என்பார்கள். பெயரில் சந்தனம் இருந்தாலும் மணம் கிடையாது; நிறமே அதன் செல்வம். இயற்கையாக அது வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சேஷாசலமும் அதை ஒட்டிய சித்தூர், கடப்பைக் காடுகளும் அடங்கிய சிறிய நிலப்பரப்பில் மட்டுமே. வறண்ட பாறை நிலத்தில் மெல்ல வளரும் அம்மரம் உள்ளே சிவந்து வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். 1995இல் அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. 2021இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழியும் நிலையில் உள்ள இனம் என மீண்டும் வகைப்படுத்தியது.

நினைவேக்கத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கடைத்தெருவோடு நின்றுவிடுகிறார்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் மலை இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று அந்தச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி, ஆந்திரக் காவல்துறையினர் 20 பேரைச் சுட்டுக் கொன்றனர். கொல்லப்பட்டவர்கள் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை சொன்னது. பிடித்துச் சென்று கொன்றதாக உறவினர்களும் மனித உரிமை அமைப்புகளும் சொன்னார்கள். அந்த ஏப்ரலில் அவ்வீட்டுப் பாட்டி செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, பெட்டி இருந்த பரணை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார் என்று மகள் சொல்வதுண்டு. வேறொன்றும் சொல்லவில்லையாம்.

இந்த வரலாற்றை விட்டுவிட்டு மரப்பாச்சியை அழகிய பழம்பொருளாக மட்டும் நினைவுகூர முடியுமா என்பதே பேத்தியின் கேள்வி. பழம்பொருள் சேகரிப்பில் இரண்டு பழக்கங்கள் உண்டு. 1980களின் வீட்டுக் கணினிகளைச் சேகரிப்போர் உலகெங்கும் இருக்கிறார்கள். காமடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், 1984இல் தொடங்கிய கணினிக் கல்வித் திட்டத்தின்வழி இந்தியப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ போன்றவற்றைத் தேடி வாங்குவார்கள். மஞ்சளித்துப்போன பிளாஸ்டிக் உறையை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுத்து, பெட்டியிலிருந்து அன்றுதான் எடுத்ததுபோல் ஆக்குவதில் அவர்களில் பலருக்கு மகிழ்ச்சி. பொருள் பிறந்த நாளுக்கே திரும்பிப் போவது ஒரு பழக்கம். பொருள் கடந்துவந்த நாட்களை அதன் மேலேயே விட்டுவைப்பது இன்னொன்று. தேய்ந்த பாதத்தைச் சமன் செய்துவிட்டால் மரப்பாச்சி நேராக நிற்கும். ஆனால் யார் யாருக்கு அது மருந்தாக இருந்தது என்பது போய்விடும்.

சென்ற கொலுவுக்கு வந்த உறவினர் ஒருவர், பழம்பொருள் வாங்கும் ஒருவரிடம் இந்த இணையின் படத்தைக் காட்டியிருக்கிறார். அவர் எத்தனை ஆண்டுப் பழமை என்று கேட்கவில்லை. எடை எத்தனை கிராம் என்றுதான் முதலில் கேட்டாராம். செய்தி பாட்டியின் காதுக்கு எட்டியது.

“எடை போட்டுக் குடுக்க இது என்ன புளியா? அவரு ஒருநாள் வீட்டுக்கு வந்து, இதுக்குப் பாவாடை கட்டத் தெரியுதான்னு காட்டட்டும்” என்றார் பாட்டி.

பேச்சு அங்கே முடிந்தது. ஆனால் பேத்திக்கு முடியவில்லை. பாட்டிக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறப்பவர்களுக்கும் எடை மட்டுமே தெரியக்கூடும். அருங்காட்சியகங்களில் முகமும் ஊரும் இல்லாமல் ‘மரப் பொம்மை, தென்னிந்தியா’ என்ற அட்டையோடு கண்ணாடிக்குள் நிற்கும் பொருட்களை அவள் பார்த்திருக்கிறாள். அவையும் ஏதோ ஒரு வீட்டில் குளித்திருக்கும், உறங்கியிருக்கும்.

இந்த ஆண்டு அவள் திருப்பதியிலிருந்து வரும்போது புதிய மரப்பாச்சி இணை ஒன்று வாங்கி வந்தாள். வெளிறிய மரம், மேலே செம்பூச்சு. கையில் எடுத்ததும் பாட்டி அதை வாளி நீரில் போட்டார். மிதந்தது. “பரவாயில்லை, இதுக்கு நீச்சல் தெரியுது” என்று சிரித்துவிட்டு, துடைத்து, பழைய இணைக்கு அடுத்த படியில் வைத்தார். காட்டுமரம் சாகாமல் குழந்தைக்குப் பொம்மை கிடைப்பதில் அவருக்குக் குறையொன்றும் தோன்றவில்லை.

விஜயதசமி முடிந்து பொம்மைகள் பெட்டிக்குத் திரும்பியபோது, வேட்டித் துண்டின் மடிப்பில் பேத்தி ஒரு தாளை வைத்தாள். பாட்டி சொல்லச் சொல்ல எழுதியது: யாருடைய முடி இறக்கிய ஆண்டு, எந்த வழியாகப் போனார்கள், எந்தெந்தக் குழந்தைக்குப் பாதம் இழைத்தார்கள். தமிழில் ஒரு பக்கம், தெலுங்கில் ஒரு பக்கம். மரம் எங்கிருந்து வந்தது என்ற இடத்துக்கு வந்ததும் பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “சேஷாசலம்னு எழுது. அந்த ஏப்ரல் மாசத்தையும் எழுதி வை” என்றார்.