ஒடுகத்தூர்ப் பக்கத்து முள்ளுக் கத்தரிக்காய்

வேலூரிலிருந்து பெங்களூர்ச் சாலையில் போகிறவர்களுக்கு ஆம்பூர் பிரியாணி ஞாபகம் வரும்; தோல் பதனிடும் தொழில் ஞாபகம் வரும். பள்ளிகொண்டாவில் அந்தப் பெரிய சாலையை விட்டுத் தெற்கே திரும்பினால் ஒடுகத்தூர் என்று ஓர் ஊர் இருப்பதை யாரும் லட்சியம் செய்வதில்லை. நேயர்களே, ஒரு தடவை திரும்பித்தான் பாருங்களேன்! எதிரே ஜவ்வாது மலை நீலமாக நிற்கிறது. அந்த மலையில் பிறந்த உத்திர காவேரி, பாலாற்றைத் தேடி இந்தப் பக்கமாகத்தான் போகிறது. ஆறு என்று பெயரே தவிர, தண்ணீரைப் பார்க்க மழைக்காலத்தில் வர வேண்டும். வெள்ளிக்கிழமையானால் ஆட்டுச் சந்தை அமர்க்களப்படும்.

உங்களை அழைத்து வந்தது ஆட்டுக்காக அல்ல, கத்தரிக்காய்க்காக.

"கத்தரிக்காய் வாங்க இவ்வளவு தூரமா?" என்று சிரிக்காதீர்கள். இதே அணைக்கட்டு தாலுகாவில் இலவம்பாடி என்று ஒரு கிராமம். அங்கே பேர் பெற்ற முள்ளுக் கத்தரிக்காய்க்கு, 'வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்' என்ற பெயரில் 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. இலையில் முள், தண்டில் முள், காம்பைச் சுற்றிய பச்சைத் தொப்பியிலும் முள்! பறிக்கிற பெண்களின் விரல்களைக் கேட்டால் தெரியும். ஆனால் வாணலியில் விழுந்துவிட்டாலோ, வெண்ணெயாகக் கரைகிறது.

ருசி இருக்கட்டும், உடம்புக்கு எப்படி என்கிறீர்களா? நம் வீட்டுப் பெரியவர்கள் கத்தரிக்காயை ஒரேயடியாகப் புகழவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. மருந்து சாப்பிடுகிறவருக்குப் பத்தியத்தில் கத்தரிப் பிஞ்சு உண்டு. முற்றிய காய் கூடாது. சொறி, சிரங்கு, கரப்பான் உள்ள குழந்தைக்கோ பிஞ்சும் கிடையாது. இதைப் பாட்டிகளின் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. மைசூர்ப் பகுதியில் 741 பேரைச் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பேருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்வதில்லை என்று தெரிந்தது. ஆகவே, சாப்பிட்டதும் நாக்கு அரிக்கிறது, தடிப்பு வருகிறது என்று மருமகள் சொன்னால், "எல்லாம் சாக்கு" என்று மாமியார் சொல்ல வேண்டாம்!

மற்றவர்களுக்கு இது நல்ல காய்தான். நூறு கிராமில் தொண்ணூறு கிராமுக்கு மேல் தண்ணீர். சுமார் 25 கலோரி. மூன்று கிராம் நார். மலச்சிக்கலுக்கும் பருத்த சரீரத்துக்கும் அனுகூலம். ஊதாத் தோலிலும் சத்து உண்டு, சீவி எறியாதீர்கள். ஒரு சங்கடம்: எண்ணெயைக் கண்டால் பஞ்சு மாதிரி உறிஞ்சிவிடும். அப்புறம் 25 கலோரி எங்கே போயிற்றோ!

கத்தரிக்காய் நீரிழிவைக் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அளவோடு சாப்பிடத் தோதான காய் என்பது வேறு, மருந்து என்பது வேறு. மருந்து என்ற பெயர் இதன் காட்டு உறவான கண்டங்கத்தரிக்குத்தான் பொருந்தும். இருமலுக்கும் இரைப்புக்கும் சித்த வைத்தியர்கள் கொடுக்கும் கஷாயத்தில் அது சேரும். அதையும் வைத்தியர் சொன்ன அளவில்தான் சாப்பிட வேண்டும்.

வாங்கும்போது காம்புத் தொப்பி பச்சையாக இருக்கட்டும். முள் சுருக்கென்று குத்தினால் புதுக்காய். கையில் கனத்தால் விதை நிறைய என்று அர்த்தம். நறுக்கியதும் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும்.

ஆம்பூரில் பிரியாணிக்குத் துணையாகப் புளிப்பும் காரமுமாக இதைப் பரிமாறுவார்கள். எண்ணெய் வேண்டாதவர்களுக்கு வட ஆற்காட்டுக் கடைசல் இருக்கிறது: கத்தரிக்காய், தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், துளி புளி எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்து மத்தால் கடைந்து, கடுகு தாளித்துக் கொட்ட வேண்டும். அவ்வளவுதான். கேழ்வரகுக் களியை உருட்டி, நடுவில் குழி செய்து, அதில் சுடச்சுட ஊற்றிக் கொள்ளுங்கள்.