நீரிழிவும் நம் வீட்டு உலையும்



"இனி வாயைக் கட்டவேண்டியதுதான்!" நீரிழிவு உண்டென்று மருத்துவர் கூறிய நாளில் வீடுகளில் முதலில் எழும் சொல் இதுவே. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இச்சொல் ஒலிக்காத தெரு அரிது. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணித்தது. நாமும் அவர்களுள் ஒருவராய்ச் சில ஆண்டுகளாக மாத்திரை உண்டு வருகிறோம்.

வாயைக் கட்டுவது மருந்தன்று. உண்பதைத் தேர்ந்து, அளந்து உண்பதே மருந்து. இவ்வுண்மையைப் போதித்தவர் நம் பகுதியிலேயே பணியாற்றினார். பேராசிரியர் எம். விசுவநாதன் 1948-இல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார்; 1954-இல் இராயபுரத்தில் அந்நோய்க்கெனவே மருத்துவமனை ஒன்றை நிறுவினார். சோற்றை அறவே விலக்காமல், நார்ச்சத்து மிகுந்த காய், கீரை, பருப்புகளுடன் சேர்த்து உண்ணும் முறையை அவர் வற்புறுத்தினார். சோற்றின் அளவையும் குறைத்தல் நலம் என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவு.

வழி எளிது. தட்டில் பாதியைக் காயும் கீரையும் நிரப்பட்டும். கால் பங்கு சோறு. எஞ்சிய கால் பங்கு பருப்போ, சுண்டலோ, முட்டையோ, மீனோ ஆகலாம். மீனில் மாவுச்சத்து இல்லை. காசிமேட்டில் வந்திறங்கும் மத்தியும் கானாங்கெளுத்தியும் சத்தில் வஞ்சிரத்திற்குச் சற்றும் இளைத்தவையல்ல. எண்ணெயில் பொரிப்பதைவிடக் குழம்பாக்குதல் நன்று.

"கேழ்வரகுதானே!" என்று மூன்று குவளைக் கஞ்சி குடிப்போரும், "கோதுமைதானே!" என்று ஆறு சப்பாத்தி உண்போரும் நம்மிடையே உளர். அவையும் மாவுச்சத்தே. மாவாக்கிக் காய்ச்சிய கஞ்சி விரைவில் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். தானியத்தின் பெயரை மாற்றி அளவை மறந்தால் பயன் யாது?

மிகுதி ஒரு தீங்கு எனில், பட்டினி மற்றொரு தீங்கு. துறைமுகத்தில் சுமை தூக்குவோரும் ஆலைகளில் இரவு முறை பார்ப்போரும் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். இன்சுலினோ, சிலவகை மாத்திரைகளோ எடுத்தபின் உண்ணாதிருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஆகியன அதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் சோதித்து, பின்னர் உணவு கொள்ள வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

நம் பங்கில் தவக்கால வெள்ளியொன்றில், ஊசி போட்டுக்கொண்டு ஒருசந்தி காத்த பெரியவர் ஒருவர் சிலுவைப்பாதையின் நடுவே சாய்ந்து விழுந்தார். தெளிந்தெழுந்தபின் அவர் கேட்டது, "சாப்பிட்டால் பாவமாகாதா சாமி?" என்பதே. பாவமன்று! நற்கருணைக்கு முன் காக்கும் ஒரு மணி நேர நோன்பிலிருந்தே நோயாளருக்கு 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் விலக்களிக்கிறது. இத்தகையோருக்கு வேளை தவறாது உண்பதே ஒறுத்தல்.

இல்லத்தலைவியரிடம் ஒரு வேண்டுகோள். வீடு சந்திக்க வரும்போது, "கொஞ்சம்தான் சாமி, ஒன்றும் ஆகாது" என்று சர்க்கரையிட்ட காப்பியை நீட்டுகிறீர்கள். அது அன்பே எனினும், மறுக்கும்போது உங்கள் முகம் வாடுவது எமக்கும் வருத்தமே. சர்க்கரையிடாது தாருங்கள், மகிழ்வுடன் பருகுவோம். விருந்தினர்க்குச் செய்யும் இவ்வுபசாரத்தை வீட்டாருக்கும் செய்யுங்கள்.

எல்லார்க்கும் ஓர் உணவு, நோயாளிக்கு மட்டும் வேறோர் உணவு என்று பிரித்து, அவரைத் தனியே அமர்த்தும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறு ஒதுக்கப்பட்டவர் சில நாளில் மறைவாகத் தின்னத் தொடங்குவார். நீரிழிவு குடும்பவழி தொடர்வதாகையால் அவ்வுணவு பிள்ளைகளுக்கும் ஏற்றதே. சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரைக் கொண்டு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் வாயிலில் நின்றோருள் உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்தவர்க்கு நோய் வரும் வாய்ப்பு கால் பங்குக்கும் மேலாகக் குறைந்தது.

ஆகவே, வீட்டில் ஓர் உலையே கொதிக்கட்டும். அப்பா உண்பதையே அனைவரும் உண்ணுங்கள். அவருடன் அமர்ந்தே உண்ணுங்கள்.