பட்டிக்கு அடியில் ஒரு ஹெரால்டு

ஹெரால்டு காரின் பானெட்டைத் தூக்கியதும் மெக்கானிக் செய்யும் முதல் காரியம், முன் டயர் மேல் ஏறி உட்காருவது. இந்த வண்டியில் பானெட் தனியாகத் திறக்காது. இரண்டு பக்க மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து, மூக்குப் பக்கமாக மொத்தமும் கவிழும். எஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வெட்டவெளியாக நிற்கும். பழைய கார் வேலை கற்றுக்கொள்ள எந்த வண்டி தோது என்று விசாரித்துத் திரிந்த எனக்கு, சென்னை புதுப்பேட்டைச் சந்து ஒன்றில் பட்டறை நடத்தும் மேஸ்திரி சொன்ன பதில்: "குனியாம வேலை கத்துக்கற வண்டி இது ஒண்ணுதான் தம்பி."

இந்த வசதிக்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரயம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிக்கொண்டது. முழு பாடியை ஒரே இடத்தில் அடித்துத் தர ஆள் இல்லாமல் போனது. அதனால் தனி சேஸ் போட்டு, அங்கங்கே செய்த துண்டுகளை அதன் மேல் போல்ட்டால் கோத்தார்கள். இத்தாலிக்காரர் ஜியோவானி மிகெலோட்டி வடிவம் கொடுத்த அந்த வண்டி 1959இல் அங்கே வந்தது. 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி அதைச் சென்னைக்கு அருகே வண்டலூரில் செய்தது. 1980களின் கடைசியில் அந்தக் கம்பெனி கார் செய்வதையே விட்டுவிட்டது. வண்டிதான் மிச்சம். போல்ட்டால் கோத்ததை போல்ட்டைக் கழற்றியே பிரிக்கலாம் என்பதால் கற்றுக்குட்டிகளுக்கு இன்றும் அது இடம் கொடுக்கிறது.

கழற்றுவதுதான் முதல் பாடம். துருவேறி இறுகிய நட்டின் மேல் டீசல் விட்டு இரவெல்லாம் ஊற வைக்க வேண்டும். மறுநாள் ஸ்பேனர் போட்டவுடன் கழற்றும் பக்கம் திருப்பக் கூடாது. இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை; துரு விட்டுக்கொடுப்பது கையிலேயே தெரியும்; அதன் பிறகே எதிர்ப்பக்கம். அதற்கும் மசியாவிட்டால் கேஸ் டார்ச். ஸ்பேனர் விஷயத்தில் மேஸ்திரி கறார். ஹெரால்டில் எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீட்டர். 13ஆம் நம்பர் ஸ்பேனர் அதில் போய் உட்காரத்தான் செய்யும். பலமாக இழுத்தால் நட்டின் மூலைகளைத் தின்றுவிடும். இன்றைய மில்லிமீட்டர் செட்டோடு வந்து நின்ற பாலிடெக்னிக் பையன் ஒருவனை, அங்குல செட் வாங்கிக்கொண்டு வா என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அவன் வாங்கிக்கொண்டு வந்தான், இன்னும் வருகிறான்.

ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதை அந்தக் காலத்தில் பெரிதாக விளம்பரப்படுத்தினார்கள். அப்படித் திரும்புகிற முன் சக்கரத்தைத் தாங்குவது ஓர் இரும்புத் தண்டு. அதன் அடி முனையில் மரை வெட்டியிருக்கும். டிரன்னியன் என்கிற வெண்கல உருப்படிக்குள் அந்த மரை முறுகி நிற்கும். அதற்கு கியர் ஆயில் மட்டுமே விட வேண்டும். தெரியாதவர்கள் கிரீஸ் அடிப்பார்கள். கிரீஸ் நாள்பட்டுக் கெட்டியாகி வழியை அடைத்துக்கொள்ளும். மரைக்கு எண்ணெய் போகாது, தண்ணீர் மட்டும் எப்படியோ போய்ச் சேரும். உள்ளே துரு அரித்து, ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். பட்டறைச் சுவரில் அப்படி ஒடிந்த தண்டு ஒன்று ஆணியில் தொங்குகிறது. எடுத்துப் பார்த்தேன். ஒடிந்த முகத்தில் முக்கால்வாசி கறுத்திருந்தது. ஓர் ஓரம் மட்டும் பளிச்சென்று வெள்ளை. "கறுப்பு பழைய வெடிப்பு. அந்த வெள்ளைதான் கடைசி வரைக்கும் வண்டியப் புடிச்சிட்டிருந்தது" என்றார். புது டிரன்னியன் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். அங்கே இன்னும் செய்கிறார்கள். சின்னச் சின்ன புஷ்களைப் பக்கத்து லேத்தில் கடைந்து வாங்கிவிடலாம்.

இதெல்லாம் மெக்கானிக் வேலை. வண்டியைப் பிழைக்க வைப்பவர் பட்டறையின் மறுகோடியில், சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து தகடு தட்டும் டிங்கர்.

அவருடைய முதல் கருவி, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம். துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே படி மாதிரி ஓடும் தகட்டின் மேல் மெல்ல இழுத்துக்கொண்டே போனார். இரும்பு இருக்கும் இடத்தில் ஒட்டியது, ஓரிடத்தில் பொத்தென்று விழுந்தது. அங்கே உளியை வைத்து ஒரு தட்டு. ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து வந்தது. அடியில் கொசுவலைக் கம்பி, அதற்கும் அடியில் வெறும் ஓட்டை. மேலே பெயிண்ட் கண்ணாடியாக மின்னிய இடம் அது. துருவை எங்கே வரை வெட்டுவது என்பதில்தான் அவர் அனுபவம் இருக்கிறது. ஓட்டையோடு நிறுத்தினால் ஒட்டுப்போட்ட தகடு மறு மழைக்குத் தாங்காது. நல்ல இரும்பு தட்டுப்படும் வரை வெட்ட வேண்டும். வெட்டியபின் வேட்டிப் பெட்டி அட்டையை வைத்து அளவெடுத்தார். 20 கேஜ் தகட்டில் கத்தரித்து, தண்டவாளத் துண்டின் விளிம்பில் வைத்து மடித்தார். வெல்டிங்கை ஒரே இழுப்பாக ஓட்டவில்லை. இந்தக் கோடியில் ஒரு பொட்டு, அந்தக் கோடியில் ஒரு பொட்டு, நடுவில் ஈரத்துணி. ஒரே இடத்தில் சூடு ஏறினால் தகடு அலை வாங்கிவிடும், பிறகு அதை நேராக்குவது பெரும்பாடு. டாலிக் கட்டையை உள்ளே கொடுத்து மேலே சுத்தியலால் தட்டிக்கொண்டே போக, ஒட்டுப்போட்ட இடம் விரலுக்கே அகப்படாமல் போனது.

இந்த மனிதரிடம்தான் பேரம் நடக்கிறது. பெயிண்டுக்கும் குரோமுக்கும் கேட்ட தொகையை வாய் திறக்காமல் தரும் ஓனர்கள், டிங்கர் இன்னும் நாலு நாள் ஆகும் என்றால் முகம் சுளிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு யார் பணம் தருவார்கள்? அதனால் அவசரமும் பட்டியும் சேர்ந்துகொள்கின்றன. இன்றைய கார்களில் அடிபட்ட கதவைத் தட்டி எடுப்பதைவிட மாற்றுவது சுலபம் என்பதால், தட்டக் கற்றுக்கொள்ள வரும் பையன்களும் குறைந்துவிட்டார்கள்.

இப்படிப் பிழைக்க வைத்த வண்டிக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 வருஷத்துக்கு. சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கிடைத்த டீசல் எஞ்சினைத் தூக்கி மாட்டிய வண்டிகளுக்கு இது சிக்கல். அந்தக் கெடுபிடி சரிதான் என்பேன்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் வழக்கமாக மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். எஞ்சினைப் பிரித்துச் சேர்க்க சென்னையில் இன்னும் ஆள் உண்டு. அது பிறகும் நடக்கும். ஒருநாள் கூலி கொடுத்து டிங்கரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாடியில் காந்தத்தை ஓட்டட்டும், வண்டிக்கு அடியில் படுத்து சேஸைத் தட்டிப் பார்க்கட்டும். அவர் வேண்டாம் என்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.