ட்ரோன் பேட்டரிக்கு எந்தச் சார்ஜர்?



ஒரத்தநாடு பக்கம் மகளிர் சுய உதவிக் குழு நடத்தும் என் பழைய மாணவி போன வாரம் போன் செய்தாள். குழுவுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் வருகிறதாம். "20 நிமிஷத்தில் ஏத்துற சார்ஜர் தனியா வாங்கச் சொல்றாங்க சார். குழுச் சேமிப்புல இருந்து எடுக்கலாமா?" அது ஊர்ப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு. அதனால் பேப்பர், பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன். இன்னும் நாலு பேருக்கு உதவுமே என்று இங்கே எழுதுகிறேன்.

2023-ல் அறிவித்த நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்ச ரூபாய் மானியம். அந்தத் தொகுப்பிலேயே கூடுதலாக 4 செட் பேட்டரியும் இரட்டைச் சேனல் வேகச் சார்ஜரும் உண்டு. முதலில் அந்தப் பட்டியலை வாங்கிப் படிக்கச் சொன்னேன். கையில் இருப்பதையே இன்னொரு முறை வாங்குவானேன்?

இனி கணக்கு. 44.4 வோல்ட், 22 ஆம்பியர்-மணி பேட்டரி செட் என்று வையுங்கள். பெருக்கினால் ஏறக்குறைய 1 யூனிட். அதை 20 நிமிஷத்தில் ஏற்றச் சுமார் 3,000 வாட் வேண்டும், சூடாக வீணாவது தனி. வீட்டு 16 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தருவது 3,680 வாட். நம் ஊரில் சாயங்காலம் வோல்டேஜ் 190-க்கு இறங்கினால் 3,040தான். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அந்த 20 நிமிஷம் நடக்காது. வயலில் ஜெனரேட்டர் வைத்து ஏற்றினால் 5 கே.வி.ஏ.வாவது வேண்டும். டீசல் செலவை யாரும் சொல்வதில்லை!

அரை மணிக்கு ஒரு செட் என்றால் 2,200 வாட் போதும். 5 செட்டும் மூன்று மணி நேரத்துக்குள் ஏறிவிடும். காற்று அடங்கிய காலையிலும் மாலையிலும்தானே மருந்தடிக்கிறோம்? நடுப்பகல் முழுக்கச் சார்ஜருக்குத்தான். 20 ஏக்கரும் ஒரே நாளில் முடிக்கிற அளவுக்கு ஆர்டர் இருந்தால் வேகச் சார்ஜரை யோசிக்கலாம். மூணு மா, நாலு மா வைத்திருப்பவர்கள்தான் கூப்பிடுகிறார்கள் என்றால் வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். பேட்டரி மேல் பெரிதாக 15சி, 25சி என்று போட்டிருப்பது பறக்கும்போது மின்சாரம் தரும் வேகம். ஏற்றும் வேகம் வேறு. சிறிய எழுத்தில் 1சி, 2சி என்று இருக்கும். 22 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 2சி என்றால் 44 ஆம்பியர், அதற்கு மேல் போகக் கூடாது. பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். வைக்கோல் போர், கீற்றுக் கொட்டகை பக்கம் வேண்டவே வேண்டாம். லித்தியம் பேட்டரி பற்றினால் அணைப்பது சிரமம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவதும் கூடாது. சம்பா முடிந்து சும்மா கிடக்கும் மாதங்களில் முழுச் சார்ஜில் வைக்காமல் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில், 'ஸ்டோரேஜ்' முறையில் வையுங்கள்.

குழுக் கட்டடத்துக்கு மும்முனை இணைப்பு வாங்க என்ன செலவாகும் என்றும் கேட்கிறாள். மின்வாரியத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது கீழே எழுதுங்கப்பா.