கழிமுகத்துக்கு ஒரு தொலைநோக்கி

"இப்பல்லாம் பறவைகளே வர்றதில்லை" என்று அப்பா சொல்ல ஆரம்பித்து மூன்று வருடங்கள் ஆகியிருக்கும். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியிலிருந்து அடையாற்றின் கழிமுகம் கொஞ்சம் தெரியும். சுற்றிலும் எழும்பிய அடுக்ககங்கள் போனால் போகிறதென்று விட்டுவைத்த இடைவெளி அது. பணி ஓய்வுக்குப் பின் அவருடைய காலைப்பொழுதுகள் அந்த இடைவெளியில்தான் கழிந்தன. கையில் எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் பழைய பைனாகுலர். பூநாரை, மஞ்சள் மூக்கு நாரை, பவளக்கால் உள்ளான் என்று பார்த்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிவைப்பார். பிறகு ஒருநாள் அந்தக் குறிப்பும் நின்றுபோனது.

அவர் சொன்னதை நம்ப எனக்குச் சிரமமிருக்கவில்லை. ஆற்றில் கலக்கும் சாக்கடையும் கரையை நெருக்கும் கட்டடங்களும் கண்முன் இருந்தன. நகரத்துப் பறவைகளைப் பற்றி எழுத வேண்டுமென்றால் மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணனைப் போல, 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ஒரே பத்தியை விடாமல் எழுதிய பொறுமை வேண்டும். எங்களுக்கு வாய்த்தது புலம்பல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு காலையில் தேநீர் கொண்டுபோனபோதுதான் கவனித்தேன். பைனாகுலரைப் பிடித்திருந்த அப்பாவின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. எட்டு மடங்கு பெருக்கும் கருவி நடுக்கத்தையும் எட்டு மடங்கு பெருக்கும். பறவைகள் வராமல் இல்லை. அவை அவருக்கு ஒரு கணமும் நிலையாக நிற்கவில்லை. அதை அவர் தனக்குத் தெரிந்த கௌரவமான முறையில் சொல்லியிருக்கிறார்.

முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கி ஒன்று வாங்குவதென்று தீர்மானித்தேன். அவசரத்தில் முதலில் வாங்கியது, நாற்பது மடங்கு என்று உடம்பில் அச்சிட்டிருந்த ஒரு சட்டைப்பைக் குழல். அந்த எண் வெறும் அலங்காரம். அடுத்து ஒரு கடைக்காரர் துப்பாக்கியின் மேல் பொருத்தும் குழலைக் காட்டினார். மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை மாற்றிக்கொள்ளலாம், விலையும் மலிவு. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் என்பதால், கண்ணை மூன்று நான்கு அங்குலம் தள்ளி வைத்துப் பார்க்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். நடுவில் குறி பார்க்கும் கோடுகள். வீட்டில் சொன்னபோது அப்பா, "நாரை மேல குறுக்குக் கோடா? வேண்டாம்டா" என்றார்.

அதன்பிறகுதான் எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். 20-60×60 என்றால் பெருக்கம் இருபதிலிருந்து அறுபது மடங்கு. முன்கண்ணாடியின் விட்டம் 60 மில்லிமீட்டர். விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். இருபதில் அது 3 மில்லிமீட்டர். அறுபதில் 1 மில்லிமீட்டர்தான். பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி திறந்திருப்பதே இரண்டு, மூன்று மில்லிமீட்டர். ஆகவே அறுபதில் காட்சி பெரிதாகும், கூடவே இருண்டும் போகும். போதாததற்கு, வெயில் ஏறியதும் சேற்றிலிருந்தும் நீரிலிருந்தும் எழும் வெப்பக்காற்றில் பறவை கானலாக நெளியும். நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெரிய எண்ணை நம் ஊர்க் காற்று பெரும்பாலும் அனுமதிப்பதில்லை.

கையிலிருந்தது 15,000 ரூபாய். அதில் கணிசமான பங்கை முக்காலிக்கு ஒதுக்கினேன். கடற்காற்றில் ஆடும் முக்காலியும் நடுங்கும் கையும் ஒன்றுதான். உட்கார்ந்து குனிந்து பார்க்க வசதியாகக் கண்வில்லை சாய்வாக அமைந்தது, மூக்குக்கண்ணாடியோடு பார்க்க 15 மில்லிமீட்டருக்குக் குறையாத கண்தூரம் உள்ளது, மழைக்காலத்தில் உள்ளே பூஞ்சை பிடிக்காதிருக்க நைட்ரஜன் அடைத்து மூடியது என்று மூன்றே நிபந்தனைகள். பெருக்கத்தைப் பற்றி நிபந்தனை எதுவும் வைக்கவில்லை.

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, ஏழு மணி. குவியத்தை நான் சரிசெய்தேன். அப்பா கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பேச்சில்லை. பிறகு தாழ்ந்த குரலில் எண்ணத் தொடங்கினார். "கொசு உள்ளான். ஏழு... எட்டு... ஓரத்துல ஒண்ணு தூங்குது."

தலையை நிமிர்த்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆனா முன்ன வந்ததுல பாதிகூட இல்லை."

கைதான் காரணம் என்று நான் அவர் புகாரைத் தள்ளிவிட்டது பாதிதான் சரி. அவருடைய பழைய நாட்குறிப்புகளைப் புரட்டினால் தெரிகிறது, எண்ணிக்கை உண்மையிலேயே குறைந்திருக்கிறது. பறவைகளும் குறைந்தன, கையும் நடுங்கியது. இரண்டு இழப்புகளையும் ஒரே வாக்கியத்தில் அவர் சொல்லியிருந்தார்.

பெருக்கத்தை மாற்றும் வளையம் அன்றிலிருந்து இருபதிலேயே நிற்கிறது. நாட்குறிப்பு மறுபடி தொடங்கியிருக்கிறது. பேனா பிடிக்க அவருக்கு வருவதில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.