வெள்ளிக்கு எத்தனை ரூபாய்?

செந்தூல், கோலாலம்பூர்

அன்பு மகளே,

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து பேசும்போது, "பெரியப்பா, அப்பா அனுப்புற ஆயிரம் மலேசிய வெள்ளி இங்கே இருபதாயிரம் ரூபாய் ஆகுது. நம்ம காசு அவ்வளவு ஒசத்தியா?" என்று கேட்டாய். அதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. உன் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அவர் 1929இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை. ஊருக்கு மணியார்டர் அனுப்பிய கணக்கை ஒரு நீள நோட்டில் எழுதி வைத்தார். அவருக்குப் பின் என் அப்பாவும் அதிலேயே எழுதினார். அந்த நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. ஓரமெல்லாம் செல்லரித்துவிட்டது, எழுத்து மட்டும் அழியவில்லை. முதல் பக்கத்தில் "வெள்ளி 10, ரூ. 15-8-11" என்று இருக்கிறது. அதாவது 15 ரூபாய், 8 அணா, 11 தம்பிடி.

இந்தக் கணக்கு லண்டனில் போட்டது. 1906இல் நம் வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று விலை வைத்தார்கள், அதாவது 28 பென்ஸ். ரூபாய்க்கு 1927இல் 18 பென்ஸ் என்று நிர்ணயித்தார்கள். 28ஐ 18ஆல் வகுத்துப் பார், வெள்ளிக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேலே வரும். அந்த நாளில் தோட்டத்தில் ஆணுக்கு நாள்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரு நாள் முழுக்கப் பால் மரம் சீவியவனின் கூலி ஊரில் பன்னிரண்டு அணாவுக்குச் சற்று மேல். அதற்காகத்தான் கடல் தாண்டி வந்தார்கள்.

நோட்டில் 1941 கடைசியிலிருந்து நான்கு வருடத்துக்கு ஒன்றுமே இல்லை. ஜப்பான்காரன் காலம். ஊருக்குக் கடிதமும் இல்லை, காசும் இல்லை. அவர்கள் அச்சடித்த வாழைமர நோட்டு, போர் முடிந்ததும் வெறும் காகிதமானது. தாத்தா சேர்த்து வைத்திருந்த நோட்டுக் கட்டை அடுப்பில் போட்டதாகப் பாட்டி சொல்லுவார்.

போருக்குப் பிறகும் அதே ஒன்றரை ரூபாய்தான். 1949இல் பிரிட்டிஷ் பவுனின் மதிப்பைக் குறைத்தபோது ரூபாயும் வெள்ளியும் அதோடு சேர்ந்தே இறங்கியதால் நம் கணக்கு மாறவில்லை. இந்தியா விடுதலை பெற்றது, மலாயா விடுதலை பெற்றது, அணாவும் தம்பிடியும் போய் நயா பைசா வந்தது. வெள்ளிக்கு 1.56 மட்டும் அப்படியே நின்றது.

1966 ஜூன் 6 அன்று அது மாறியது. அமெரிக்க டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்ததை இந்திரா காந்தியின் அரசு 7.50 ஆக்கியது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பாவோடு தபால் நிலையத்துக்குப் போயிருந்தேன். மே மாதக் கணக்கு: "வெள்ளி 20, ரூ. 31.11". ஜூலையில்: "வெள்ளி 20, ரூ. 49". திரும்பி வரும் வழியில் எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். அவர் அப்படி வாங்கிக் கொடுப்பவர் அல்ல.

அடுத்த மாதம் ஊரிலிருந்து அத்தையின் கடிதம் வந்தது. மழை பொய்த்து, அரிசி கிடைக்காமல் கிடந்த காலம் அது. பணம் கூடுதலாக வந்தது சந்தோஷம், ஆனால் விலைவாசி அதைவிட வேகமாக ஏறுகிறது என்று எழுதியிருந்தார். அப்பா அதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. ஆகஸ்ட் கணக்கில் 25 வெள்ளி என்று இருக்கிறது.

மறு வருடம் அடி நம் மேலேயே விழுந்தது. 1967 ஜூனில் மலேசியா புதிய நோட்டு வெளியிட்டது. நவம்பரில் பவுன் சரிந்ததும், அதோடு பிணைந்திருந்த பழைய நோட்டு வெள்ளிக்கு 85 காசு என்றானது. நாள் பார்த்து மாற்றாத ஏழைகளிடம்தான் பழைய நோட்டு அதிகம். பினாங்கில் கடையடைப்பு நடந்து கலவரமாகி உயிர்கள் போயின. அப்பாவைப் போன்றவர்களுக்கு அந்தப் பதினைந்து காசு நஷ்டம் இழைத்தது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1991 ஜூலையில் இந்தியா இரண்டு தவணையாக ரூபாயை இறக்கியது. வெள்ளிக்கு ஒன்பது ரூபாய் தாண்டியது. 1997 தொடக்கத்தில் பதினான்கு வரை போனது. அதே வருடம் நம் வெள்ளி சரிந்து, 1998 ஜனவரியில் எட்டு ரூபாய்க்கு வந்து நின்றது. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போய்க் கல்யாணப் பட்டு எடுக்க நினைத்தவர்கள் பாதியோடு திரும்பினார்கள். அந்த செப்டம்பரில் டாலருக்கு 3.80 வெள்ளி என்று அரசு கட்டிப் போட்டது, 2005 ஜூலையில்தான் அவிழ்த்தது. இப்போது வெள்ளிக்கு இருபது ரூபாய்க்கு மேல் நிற்கிறது.

ஆக, நம் காசு ஒசத்தியா என்றால், இல்லை மகளே. 1973 வரை ஒரு வெள்ளி கொடுத்தால் சிங்கப்பூரில் ஒரு வெள்ளி. இன்று மூன்றுக்கு மேல் கொடுக்க வேண்டும். நாமும் இறங்கினோம், ரூபாய் நம்மைவிட அதிகமாக இறங்கியது. இருபதாயிரம் என்ற எண்ணைப் பார்த்து அங்கிருப்பவர்களைக் குறைவாக நினைத்துவிடாதே. அவர்கள் சம்பாதிப்பதும் செலவழிப்பதும் ரூபாயில்தான்.

உன் அப்பா அடுத்த முறை வரும்போது இந்த நோட்டைக் கொடுத்தனுப்புகிறேன். பத்திரமாக வைத்துக்கொள். அதற்குள் எனக்காக ஒன்று செய். உன் விடுதியில் சமைக்கும் அம்மாவுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, அங்கே ஒரு கிலோ அரிசி என்ன விலை என்று கேட்டு எழுது. வெள்ளியில் மாற்றாதே, ரூபாயிலேயே எழுது.

அன்புடன்,
உன் பெரியப்பா